பெட்டி பிரிக்காத சாமான்

அந்த ட்ரங்குப் பெட்டியைக் கண்டாலே அப்பம்மாவுக்குக் கோபம் வரும். "அரிசி மூட்டையை இறக்கிப்போட்டு இரும்பை ஏத்தின மனுசன்" என்று தொடங்கினால், அன்றைய சமையல் முடியுமட்டும் ஓயமாட்டார்.

1995 ஒக்ரோபர் 30 இரவுக் கதை அது. வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்த இரவு. சனம் நடந்தும் சைக்கிள் உருட்டியும் போனபோது எங்கள் வீட்டில் ஒரு கார் இருந்தது. அப்பப்பாவின் மொறிஸ் மைனர். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் ஓடின மாதிரித்தான் அதுவும் ஓடியது. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அன்றிரவு டிக்கிக்குள் எதை ஏற்றுவது என்ற கேள்வி வந்தபோது, அப்பப்பா அரிசி மூட்டையை இறக்கிவிட்டு இந்தப் பெட்டியைத் தூக்கி வைத்தாராம். நாவற்குழிப் பாலம் தாண்டுமட்டும் அப்பம்மா அவரோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லையாம்.

நாங்கள் மூன்று பேர். இரண்டு சகோதரர்களும் ஒரு மச்சாளும். அந்த இரவில் எங்களில் ஒருவரும் பிறந்திருக்கவில்லை. 2022இல், பெற்றோல் வரிசையில் நின்று அலுத்துப்போய் வீட்டில் இருந்த நாட்களில், கார் நின்ற கொட்டிலைத் துப்புரவாக்கப் போனபோதுதான் பெட்டியை முதன்முதலாகத் திறந்து பார்த்தோம்.

உள்ளே மஞ்சளாகிப்போன அட்டைப் பெட்டிகள். மெழுகுத்தாளில் சுற்றிய கியர் சில்லு ஒன்று. முன் பிறேக்குக்கான வீல் சிலிண்டர் நான்கு. ஒரு வாட்டர் பம்ப். கொயில், பொயின்ற், கொண்டென்சர். ஒரு செற் பிறேக் சூ. இரண்டு பான் பெல்ற். ஒரு கட்டு கஸ்கெற். எல்லாவற்றுக்கும் அடியில், சணல் நூலால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கிக் கட்டிய ஒரு பெட்டி. மேலே அப்பப்பாவின் கையெழுத்தில், பென்சிலால், 'மாஸ்ரர்' என்று எழுதியிருந்தது. பிறேக்கின் மாஸ்ரர் சிலிண்டர்.

ஒன்றும் பூட்டப்படாதவை. அன்றிரவு எங்களுக்கு நித்திரை வரவில்லை.

அப்பப்பா ஏன் இப்படிச் சேர்த்தார் என்பதை அப்பா சொன்னார். அவர் அந்தக் காரை வாடகைக்கு ஓடினவர். 1970 தொடக்கம் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம். ஒரு சாமான் பழுதானால் கார் மாதக்கணக்கில் நிற்கும். கார் நின்றால் வீட்டில் உலை ஏறாது. ஆகவே கொழும்புக்கு ஹயர் போனால் பஞ்சிகாவத்தையில் ஏறி இறங்காமல் திரும்பமாட்டார். இன்றைக்குத் தேவையில்லாவிட்டாலும் கண்டதை வாங்கி வைப்பார். தட்டுப்பாட்டைக் கண்ட மனிதரின் சேமிப்பு அது. அரிசியை வேறு யாரிடமும் கேட்டு வாங்கலாம், வீல் சிலிண்டரை யாரிடம் கேட்பது என்று நினைத்திருப்பார்.

மொறிஸ் மைனர் 1948இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக வந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரையும் அவர்தான் வடிவமைத்தார். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்போது 16 இலட்சத்துக்கும் மேல் செய்து முடித்திருந்தார்கள். உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்த ஒரு காருக்கு, அந்தக் காலத்திலேயே செய்து, பூட்டாமலே கிடக்கும் அசல் சாமான் என்றால் அதற்குத் தனி மவுசு. பழைய கார் திருத்துகிறவர்கள் அதை 'நியூ ஓல்ட் ஸ்ரொக்' என்பார்கள். புதுசாயிருக்கும் பழசு. இன்றைக்குச் செய்து விற்கும் மாற்றுச் சாமானை விட அதற்குக் கூட விலை கொடுக்கிற ஆட்கள் உலகம் முழுக்க இருக்கினம்.

எங்கள் கையில் அப்படி ஒரு பெட்டி நிறையக் கிடந்தது. அதனால்தான் பிழை விட்டோம்.

காரைத் திருத்தத் தொடங்கியதும், ஊரில் பழைய எஞ்சின்களோடு வாழ்நாளைக் கழித்த ஒரு மெக்கானிக் ஐயாவிடம் போனோம். அவர் நாலு வீல் சிலிண்டரையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கழட்டிப் பாத்துப்போட்டுப் பூட்டுவம்" என்றார்.

"ஐயா, இது பெட்டி பிரிக்காத சாமான். ஒரிஜினல். கழட்டினால் அதின்ர மதிப்புப் போயிடும்" என்றோம்.

"மதிப்போ?" என்று ஒருமுறை கேட்டார். அதற்குமேல் எங்களோடு மல்லுக்கட்டவில்லை. நாங்கள் பிடிவாதமாக நின்றோம். அப்படியே பூட்டினோம்.

மூன்று நாள் நல்லாத்தான் நின்றது. நாலாம் நாள் மச்சாள் காரை ஒழுங்கைக்குள் மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தாள். முடக்கில் ஒரு சின்னப் பெடியன் சைக்கிளோடு வந்தான். பிறேக்கை மிதித்தாள். பெடல் நேரே தரையில் போய் முட்டியது. ஒன்றும் பிடிக்கவில்லை. அவள் கைப்பிறேக்கை இழுத்ததால் கார் நின்றது. அது கேபிளில் பின் சில்லுகளைத் தனியாகப் பிடிக்கிற சாமான். பம்பருக்கும் சைக்கிளுக்கும் இடையில் ஒரு முழம் இருந்திருக்கும். பெடியன் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களுக்குக் கைகால் நடுங்கியது.

மைனரில் பிறேக்குக்கு ஒரே ஒரு சுற்றுத்தான். நாலு சில்லுக்கும் ஒரே மாஸ்ரர், ஒரே ஒயில். இன்றைய கார்களில் ஒரு சுற்றுப் போனால் மற்றது தாங்கும். இதில் ஒரு சிலிண்டர் கசிந்தால் எல்லாம் போச்சு. முன் இடப்பக்கச் சில்லைக் கழற்றியபோது ஒயில் வழிந்து சூ எல்லாம் நனைந்து கிடந்தது. ஐயா சிலிண்டரைப் பிரித்து, உள்ளே இருந்த றப்பர் கப்பை எடுத்து எங்கள் கையில் வைத்தார். நகத்தால் அழுத்தினோம். பொத்தான் மாதிரி இறுகிப்போயிருந்தது. விளிம்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு.

"பாவிக்கேல்ல எண்டது உங்கட கணக்குத் தம்பி. றப்பருக்கு அது தெரியாது."

இந்த ஒரு வசனத்திலிருந்துதான் நாங்கள் படிக்கத் தொடங்கினோம். பிறகு வந்த ஒரு வருடத்தில் ஐயாவிடமும், எங்கள் பிழைகளிடமும் கற்றதைக் கீழே எழுதுகிறோம். வீட்டில் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளோ, மாமாவின் ஏ-40 காரோ நிற்கிற ஆட்களுக்குப் பயன்படும்.

முதல் கேள்வி, உண்மையாகவே இது பூட்டாத சாமானா? பெட்டியைப் பார்த்து ஏமாறக்கூடாது. பழைய பெட்டிக்குள் வேறு சாமானை வைப்பது சுலபம். பெட்டியில் இருக்கும் இலக்கமும் சாமானில் அடித்திருக்கும் இலக்கமும் ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். லூக்காஸ் மின்சாமான்கள் பலவற்றில் சாமான் இலக்கத்தோடு செய்த காலத்துக்கான குறியீடும் அடித்திருப்பார்கள். அடுத்தது போல்ற் ஓட்டை. ஒருமுறை போல்ற் பூட்டி இறுக்கியிருந்தால், ஓட்டையைச் சுற்றி வாஷர் அழுத்திய வட்டம் தெரியும். கியர் சில்லு என்றால் பல்லின் முகத்தில் மற்றப் பல் உரசிய மினுக்கக் கோடு இருக்கும். வயர் பூட்டுகிற ஸ்குறூவின் தலையில் கீறல் இருக்கும். கஸ்கெற் வைக்கிற முகத்தில் பழைய கஸ்கெற்றின் ஒட்டு மிச்சம் இருக்கும். புதுப் பெயின்ற் அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். பூட்டாத சாமானுக்கு ஏன் இப்ப பெயின்ற்?

இதைப் பஞ்சிகாவத்தையில் சோதித்துப் பார்த்தோம். ஒரு கடையில் வெள்ளிப் பெயின்ற் மினுங்க ஒரு டைனமோவை எடுத்து வைத்து, "ஒரிஜினல் தம்பி, யூஸ் பண்ணாதது" என்றார்கள். பூட்டுகிற காதைத் திருப்பினோம். பெயின்றுக்குக் கீழே வாஷர் வட்டம் தெளிவாகத் தெரிந்தது. விரலை வைத்துக் காட்டினோம். கடைக்காரர் சிரித்துவிட்டு, "ஒரிஜினல் எண்டது உண்மைதானே" என்றார். அவர் சொன்னதும் சரி. ஒரிஜினல் என்பது ஒன்று, பாவிக்காதது என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துக் குழப்பித்தான் விலை ஏறுகிறது.

இரண்டாவது கேள்வி, இது எங்கட காருக்கானதா? மொறிஸ் மைனர் என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஒன்றில்லை. எங்களுடையது 948 சிசி எஞ்சின். 1962இல் 1098 சிசி வந்தபோது முன் பிறேக் ட்ரம்மையும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கினார்கள். எவ்வளவு அருமையான சாமான் கிடைத்தாலும் மற்ற வகைக்கானது என்றால் அது மேசையில் வைத்துப் பார்க்கத்தான் உதவும். ஆண்டையும் எஞ்சின் அளவையும் ஒரு தாளில் எழுதி பேர்ஸுக்குள் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடையில் நிற்கும்போது ஆசை மறதியைக் கொண்டுவரும்.

மூன்றாவது கேள்வி, கிடந்த காலத்தில் இதற்கு என்ன நடந்தது? இங்கேதான் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு வயது.

இரும்பும் வார்ப்பும் பொறுமைசாலிகள். மேலே படிந்த துரு பயமில்லை, தேய்த்தால் போகும். ஆனால் றப்பர் உரசி ஓடுகிற இடத்தில், உதாரணமாகச் சிலிண்டரின் உட்சுவரில், துரு குழி விழுத்தியிருந்தால் அது சரிவராது. விரல் நகத்தை உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள். நகம் தடக்குப்பட்டால் ஒதுக்கிவிடுங்கள். கடல் சூழ்ந்த எங்கள் ஊர்க் காற்றில் இது கட்டாயம் பார்க்க வேண்டிய விசயம்.

பெயரிங்கில் கிறீஸ் மெழுகாகிப் போயிருக்கும். கழுவி, காய வைத்து, புதுக் கிறீஸ் போட்டு, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கையால் சுழற்றிக் கேட்க வேண்டும். மண் அரைபடுகிற மாதிரிச் சத்தம் வந்தால் வேண்டாம்.

மின்சாமானை மல்ரிமீற்றர் சொல்லும். எங்கள் காரின் 12 வோல்ற் கொயிலில் முதல் சுற்று 3 ஓம் அளவில் காட்ட வேண்டும். கொண்டென்சர் 0.2 மைக்ரோபரட் அளவில் இருக்க வேண்டும். பொயின்ற்றின் முகத்தில் படலம் படிந்திருந்தால் துடைத்தால் போதும். எங்கள் பெட்டியிலிருந்த கொயில் இன்றைக்கும் காரில் ஓடுகிறது.

றப்பர், கோர்க், கடதாசிக் கஸ்கெற், பெற்றோல் பம்பின் டயபிரம் ஆகியவற்றுக்குப் பெட்டி பிரிக்காதது என்ற மதிப்பே கிடையாது. பெட்டிக்குள் இருந்தபடியே அவை கிழவராகிவிடும். பான் பெல்ற் இரண்டையும் பின்பக்கம் வளைத்தோம், வரிவரியாக வெடித்தது. கஸ்கெற்றுகளை மட்டும் எறியவில்லை. அவற்றைப் புதுத் தாளில் வைத்து அளவெடுத்து வெட்டினோம். இளைஞர்களான எங்களுக்கு ரயரை வைத்துச் சொன்னால் இன்னும் சுலபமாக விளங்கும். ரயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஓடாமல் கடையில் கிடந்தாலும் வயது ஏறும் என்பதால்தான் அதை அடிக்கிறார்கள்.

பிறேக் சூவையும் கிளச் பிளேற்றையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து லைனிங்கில் அஸ்பெஸ்ரோஸ் கலந்திருக்கும். கூரைக்குப் போடுகிற அதே அஸ்பெஸ்ரோஸ். அதன் தூள் நுரையீரலுக்குப் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். புதுசு போல இருக்கிறதே என்று அரத்தால் தேய்ப்பதோ, காற்றடித்து ஊதுவதோ கூடாது. நாங்கள் அதை ஈரத் துணியால் சுற்றி, பொலித்தீனில் கட்டி ஒதுக்கினோம். சூ புதிதாக வாங்கினோம்.

நாலாவது கேள்வியைத்தான் நாங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். இது பழுதானால் யாருக்கு என்ன நடக்கும்? கதவுக் கைபிடி உடைந்தால் கதவு திறக்காது. கொயில் போனால் கார் நிற்கும். பிறேக் போனால் ஒழுங்கை முடக்கில் ஒரு பெடியன். அசல் என்ற மரியாதையை எந்தச் சாமானுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை இந்தக் கேள்விதான் தீர்மானிக்க வேண்டும்.

இன்னொன்றும் தெரியவந்தது. 1990களில் எங்கள் தீவிலேயே மொறிஸ் மைனருக்கான உடற்தகடுகளும் சாமான்களும் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கார் பிறந்த ஊரில் இலங்கைத் தகட்டைப் பூட்டி ஓட்டியிருக்கினம். நாங்கள் இங்கே இருந்துகொண்டு இங்கிலாந்துப் பெட்டியைத் தொடக்கூடாது என்று பூசை செய்துகொண்டிருந்தோம்.

நாலு வீல் சிலிண்டரையும் பிரித்தோம். இரண்டின் உட்சுவரில் குழி. ஒதுக்கினோம், அந்த இரண்டுக்கும் புதிது வாங்கினோம். மற்ற இரண்டும் சுத்தமாக இருந்தன. புது றப்பர் போட்டோம். பெற்றோலால் கழுவக்கூடாது, பெற்றோலும் எஞ்சின் ஒயிலும் பிறேக் றப்பரை ஊத வைத்துவிடும் என்று ஐயா ஸ்பிரிட்டால் கழுவச் சொன்னார்.

மிஞ்சியது மாஸ்ரர். காரில் இருந்த பழைய மாஸ்ரரும் தேய்ந்துபோயிருந்தது. மைனரில் அது சாரதியின் காலடித் தட்டுக்குக் கீழே, சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். அதன் போல்ற்றை இழுக்கவிடாமல் டோர்சன் பார் மறித்துக்கொண்டு நிற்கும். கழற்ற ஒரு முழு நாள் போனது. கழற்றிய பிறகு, சணல் நூல் கட்டிய பெட்டியை மேசையில் வைத்துவிட்டு எல்லோரும் பேசாமல் நின்றோம்.

அப்பா வேண்டாம் என்றார். "அவர் கட்டின கட்டு அது. அப்பிடியே கிடக்கட்டும். புதுசு ஒண்டு வாங்குங்கோ, நான் காசு தாறன்."

அப்பா அப்படிக் கேட்டுக் கண்டதில்லை. அப்பப்பா போன பிறகு அவருடைய கையால் செய்தது என்று வீட்டில் அப்படியே மிஞ்சியது அந்த முடிச்சு மட்டும்தான். எங்களுக்கும் வெட்ட மனமில்லை. ஒரு கிழமை பெட்டி மேசையிலேயே கிடந்தது.

கடைசியில் முடிச்சை அவிழ்த்தது அப்பாதான். வெட்டவில்லை. நகத்தால் கிள்ளிக் கிள்ளி அரை மணித்தியாலம் அவிழ்த்தார். பெட்டியைத் திறந்தால் உள்ளே மெழுகுத்தாள் இல்லை. பத்திரிகைத் தாள். 1984ஆம் ஆண்டுத் திகதி. சாமான் மேல் பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி ஒன்று படிந்திருந்தது. ஐயா விரலால் தொட்டு மணந்து பார்த்தார்.

"ஆமணக்கெண்ணெய்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "மனுசன் விசயம் தெரிஞ்ச ஆள்."

பழைய காலத்துப் பிறேக் ஒயிலிலேயே ஆமணக்கெண்ணெய்தான் சேர்த்தார்களாம். இரும்பைத் துருவிலிருந்து காக்கும், றப்பரையும் கெடுக்காது. அப்பப்பா அந்தப் பெட்டியை எப்போதோ திறந்து, சாமானை எடுத்து, எண்ணெய் பூசி, வீட்டிலிருந்த பத்திரிகையில் சுற்றித் திரும்பக் கட்டியிருக்கிறார். நாங்கள் மூன்று பேரும், அப்பாவும், பெட்டி பிரிக்காத சாமான் என்று கும்பிட்டுக்கொண்டிருந்ததை அவரே பிரித்துவிட்டிருந்தார். அவர் அதைக் காட்சிக்கு வைக்கவில்லை. ஓட வைக்கத்தான் வைத்திருந்தார்.

ஸ்பிரிட்டில் பிசின் கரைந்தது. உட்சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. நகம் எங்கேயும் தடக்குப்படவில்லை. றப்பர் மட்டும் வழமைபோல இறுகியிருந்தது. அதைத் தயங்காமல் எறிந்துவிட்டுப் புதுசு போட்டோம். அப்பப்பாவின் இரும்பு, எங்கள் றப்பர். போட்டியில் புள்ளி போடுகிற ஆட்கள் இதற்கு எத்தனை புள்ளி கொடுப்பார்கள் என்று தெரியாது. ஐயா பெடலை இருபது தரம் மிதித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அது போதும்.

போன தையில் அப்பம்மாவை முன் சீற்றில் இருத்திச் சாவகச்சேரிக்குப் போனோம். அதே தெருவால். நாவற்குழிப் பாலத்தில் ஏறும்போது முன்னால் போன பஸ் சடுதியாக நின்றது. மச்சாள் பிறேக்கை மிதித்தாள். கார் நேராக, மெதுவாக நின்றது. அப்பம்மா ஒரு கையால் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, "நல்லாப் பிடிக்குது" என்றார். அந்த மாஸ்ரர் எங்கே இருந்தது என்று சொன்னோம்.

பாலம் தாண்டுமட்டும் அவர் ஒன்றும் பேசவில்லை. தாண்டியதும் கேட்டார்: "அந்தப் பெட்டிக்குள்ள இன்னும் என்ன கிடக்கு?"

ஒரு கியர் சில்லும் ஒரு வாட்டர் பம்பும் என்றோம்.

"எண்ணெய் பூசி வையுங்கோ" என்றார்.